மைதானம் மூடிக் கிடக்கும் நாட்களில்

[காட்சி: மழைத் தண்ணீர் நிற்கும் பாடசாலை மைதானம்]

கார்த்திகை, மார்கழியில் இலங்கையின் வடக்கே வன்னிக் குளங்கள் நிரம்பி வான் பாயும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஊர் ஊராக வெள்ளம். 2020இல் ஊரடங்கு. 2022இல் எரிபொருள் இல்லை. ஒவ்வொரு முறையும் பாடசாலைப் பிள்ளைகளின் விளையாட்டுப் பயிற்சிதான் முதலில் நின்றது. சரி, வேறு வழியில்லை. அந்தப் பிள்ளைகளின் மனதை யார் பார்த்தார்கள்?

[காட்சி: விறாந்தையில் தனியே இருக்கும் மாணவி]

விடியற்காலையில் எழும்பி ஓடும் பிள்ளைக்கு நித்திரை, பசி, சிநேகிதம் எல்லாமே அந்த ஓட்டத்தைச் சுற்றித்தான். அது நின்றால் நித்திரை குழம்பும், எரிச்சல் வரும், சாப்பாடு பிடிக்காது. வீட்டில் அதைச் சோம்பல் என்பார்கள். 2009 போரைக் கடந்து வந்த தாய் தகப்பன், "இதெல்லாம் ஒரு கஷ்டமா?" என்றும் கேட்பார்கள். அவர்கள் பட்டது பெரிது. ஆனாலும் பிள்ளையின் வலி பொய்யில்லை.

டோக்கியோ ஒலிம்பிக்கை 2021க்குத் தள்ளிவைத்தார்கள். இருபது வயதுக்குட்பட்ட பிரிவில் கடைசி ஆண்டில் நிற்கும் மாணவிக்கு அப்படியொரு வசதி இல்லை. அவளுடைய மாகாண மட்டப் போட்டி நடக்காவிட்டால் நடக்காததுதான். அந்த இழப்பை அவள் அழட்டும். "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்லாதீர்கள்.

[காட்சி: விறாந்தையில் உடற்பயிற்சி]

"எல்லாம் போச்சு" என்ற பயம்தான் பிள்ளைகளை அதிகம் வாட்டுகிறது. உண்மை என்னவென்றால், மூச்சுத் திறன் இரண்டு மூன்று வாரத்தில் குறையத் தொடங்கும். தசைப் பலம் அதைவிட அதிக நாள் நிற்கும். பயிற்சியின் அளவைக் குறைத்து, கடுமையைக் குறைக்காமல் செய்தால் பெரும்பகுதியைக் காப்பாற்றலாம். அதனால் வழக்கமான நேரத்துக்கே எழும்பட்டும். விறாந்தையில் இருபது நிமிடம் போதும்.

பயிற்றுவிப்பாளர்களே, தொலைபேசியில் பேசுங்கள். "பயிற்சி செய்தியா?" என்று தொடங்காமல், "நித்திரை வருதா பிள்ளை?" என்று கேளுங்கள். சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

[காட்சி: காய்ந்த மைதானம், மெதுவாக ஓடும் பிள்ளைகள்]

அப்புறம், மைதானம் திறந்த முதல் நாளே நிறுத்தற்கடிகாரத்தை எடுக்காதீர்கள். பழைய நேரத்தைவிடப் பிந்தினால் பிள்ளை அங்கேயே உடைந்துபோகும். முதல் வாரம் சேர்ந்து ஓடட்டும், நேரம் பார்க்காமல்.