படத்தைக் கையால் மறைத்துப் பாருங்கள்

(பட்டிமன்றத் தலைப்பு: அரசுப் பள்ளிகள் உயரப் பெரிதும் துணை நிற்பது அரசின் திட்டங்களா, ஆசிரியர்களின் உழைப்பா? 'ஆசிரியர்களின் உழைப்பே' அணியின் உரை.)

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், வேலை முடிந்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ஒரு பட்டியலே வாசித்தார். 1956இல் காமராஜரின் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022இல் தொடங்கிய காலை உணவு, மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. இதில் ஒன்றைக்கூட நான் மறுக்க மாட்டேன். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பதினேழு வருஷமாக வேலை பார்க்கிறேன், பசியோடு வரும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று எனக்குத் தெரியாதா? காலை உணவு வந்த பிறகு, பதினோரு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்கிற பிள்ளையை நான் பார்ப்பதில்லை. சரி, பிள்ளை சாப்பிட்டாயிற்று, வகுப்பில் உட்கார்ந்தாயிற்று. அப்புறம்? எதிரணியினர் இந்த 'அப்புறம்' வரும் இடத்தில் பேச்சை முடித்துவிட்டார்கள். நான் அங்கிருந்து தொடங்குகிறேன்.

2022இல் அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைக் கொண்டுவந்தது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து, அவரவர் நிலைக்கு ஏற்பக் கற்பிக்க வேண்டும். நல்ல திட்டம், மனதாரச் சொல்கிறேன். அந்த வருஷம் மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். புத்தகத்தைத் திறந்தால் கடகடவென்று வாசிப்பாள். அவளை நான் மலரில் வைத்திருந்தேன்.

ஒருநாள் அவள் வாசிக்கும்போது, ஏதோ தோன்றி, பக்கத்தில் இருந்த படத்தை என் உள்ளங்கையால் மறைத்தேன். குரல் நின்றுவிட்டது. விரல் மட்டும் வரியின் மேல் நகர்ந்துகொண்டே இருந்தது. பக்கத்துப் பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு முழுப் பாடத்தையும் மனப்பாடம் செய்திருக்கிறாள், படத்தைப் பார்த்து எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டிருக்கிறாள். 'கெ'வுக்கும் 'கொ'வுக்கும் நடுவில் ஒரு கால் இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், திருடி மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி. தவறு என்னுடையது. இன்றைக்கும் அந்த முகம் எனக்கு உறுத்துகிறது.

அதன்பிறகு தினமும் சத்துணவு முடிந்து கால் மணி நேரம் அவளும் நானும் உட்கார்ந்தோம். புத்தகத்தை மூடி வைத்துவிட்டோம். பஸ் பலகை, கடைப் பெயர், அவள் வீட்டு ரேஷன் கார்டில் இருக்கும் அவள் அம்மாவின் பெயர், இவைதான் பாடம். நான்கு மாதம் ஆனது. நடுவர் அவர்களே, அரும்பு, மொட்டு, மலர் என்ற பெயர்களை அரசு தந்தது. எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்க்க அந்த அறையில் இருந்தது ஓர் ஆசிரியரின் கண் மட்டும்தான். அது ஒழுங்காகப் பார்க்காதவரை திட்டம் அவளைத் தொடவே இல்லை.

பெற்றோர் விஷயத்துக்கு வருகிறேன். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். எங்கள் ஊர்த் தாய்மார்கள் நூறு நாள் வேலைக்கும் தீப்பெட்டி ஆபீஸுக்கும் போகிறவர்கள். பகல் மூன்று மணிக்குக் கூட்டம் என்றால் ஒரு நாள் கூலி போகும். கூட்ட நோட்டு மட்டும் வீட்டுக்குப் போய்க் கையெழுத்தோடு திரும்பி வரும். தலைமை ஆசிரியரிடம் பேசி, மாலை ஆறரைக்குத் தனியாக ஒரு கூட்டம் வைத்தோம். முதல் நாளே ஒரு அம்மா எழுந்து, "கக்கூஸ் கதவுல தாழ்ப்பாள் இல்லைன்னு என் பிள்ளை நாள் முழுக்க அடக்கிக்கிட்டு வருது டீச்சர்" என்றார். தினம் அந்தக் கதவைத் தாண்டித்தான் நான் போய்வருகிறேன். வெல்டிங் வேலை செய்யும் ஒரு அப்பா மறுநாளே தாழ்ப்பாள் வைத்துக் கொடுத்தார்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் கேட்டார்: அறுபது பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர், ஐந்து வகுப்பு, இதில் எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் விவரம் பதிகிற வேலை வேறு, ஆசிரியர் என்னதான் செய்வார்? நியாயமான கேள்வி, அந்தப் பாரத்தைச் சுமக்கிறவள் நான். அதை உரிய இடத்தில் சொல்ல வேண்டியதும் நாங்கள்தான். ஊதியத்துக்காக ஒன்று கூடுகிற நாங்கள், ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர் போதாது என்பதற்கும் அதே வேகத்தோடு கூட வேண்டும். சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் நல்லபடியாக நடந்ததை மட்டும் சொல்லிவிட்டு வருகிறோம். மலரில் வைத்த பிள்ளை அரும்பில் இருந்த கதையை அங்கே சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆனது. சொன்ன அன்று மூன்று பள்ளி ஆசிரியர்கள் தங்கள் வகுப்பிலும் அப்படிப் பிள்ளைகள் இருப்பதாகச் சொன்னார்கள்.

2018இல் திருவள்ளூர் மாவட்டம் வெளியகரத்தில் ஓர் இளம் ஆங்கில ஆசிரியருக்கு மாறுதல் வந்தபோது, பிள்ளைகள் அவரைச் சூழ்ந்து கட்டிப்பிடித்து அழுததை நாடே பார்த்தது. அரசு ஆணையால் அப்படி ஒரு பிடிப்பை உண்டாக்க முடியுமா, நடுவர் அவர்களே?

அந்தச் சிறுமி இப்போது பக்கத்து ஊரில் ஆறாம் வகுப்பு. அவள் தம்பி எங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. போன வாரம் அவனை அழைத்துப் போக வந்தவள், திண்ணையில் அவன் வாசிப்பதைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, படத்தின் மேல் தன் கையை வைத்து, "இப்ப வாசி" என்றாள்.