எழுத்தறியாதவர் ஊராட்சித் தலைவர் ஆகலாமா?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் உள்ள மானூரை நம்மில் பலர் பேருந்தில் கடந்திருப்போம். அவ்வூர்ச் சிவன் கோயிலில் பாண்டிய மன்னன் மாறஞ்சடையன் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 1200 ஆண்டுகளுக்கு முற்பட்ட அக்கல்வெட்டு, ஊர்ச்சபையில் உறுப்பினராக இருக்கத் தகுதியுடையவர் யார் என்பதைக் கூறுகிறது. ஊரில் நிலப்பங்கு இருக்க வேண்டும், நல்லொழுக்கம் இருக்க வேண்டும், மந்திர பிராமணமும், அதாவது வேதத்தின் மந்திர, பிராமணப் பகுதிகளும், ஒரு தருமநூலும் கற்றிருக்க வேண்டும். சபையில் எடுத்த பேச்சுக்கெல்லாம் மறுப்புச் சொல்லிக்கொண்டிருப்பவருக்கு 5 காசு தண்டம் என்றும் அதில் விதித்திருக்கிறார்கள். ஆக, ஆள வருகிறவருக்குப் படிப்பு வேண்டும் என்ற எண்ணம் நம் மண்ணில் பழையதுதான். ஆனால் அந்தப் படிப்பு நிலத்தோடு சேர்ந்தே வந்தது என்பதை நாம் மறக்கலாகாது. அந்த வயலில் ஏர் பிடித்தவருக்கும் நாற்று நட்டவருக்கும் அச்சபையில் இடம் இருந்ததாகக் கல்வெட்டில் ஒரு சொல்கூட இல்லை.

இன்று தேர்தல் வரும்போதெல்லாம், கடைநிலை அரசுப் பணிக்கே படிப்பு கேட்கிறார்களே, சட்டமன்றத்துக்குப் போகிறவருக்கு வேண்டாமா என்று தேநீர்க் கடையிலும் கேட்கிறார்கள், கல்லூரி வகுப்பறையிலும் கேட்கிறார்கள். 1949-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள், அரசியலமைப்பு ஏற்கப்பட்ட அன்று, அதை இயற்றிய அரசியலமைப்பு அவையின் தலைவர் இராசேந்திர பிரசாத் அவர்களே இந்தக் குறையை அவையில் சொன்னார். சட்டத்தைச் செயற்படுத்துகிறவர்களுக்கு உயர்ந்த தகுதிகளை வற்புறுத்தும் நாம், சட்டம் இயற்றுகிறவர்களுக்குத் தேர்ந்தெடுக்கப்படுவதைத் தவிர வேறு தகுதி எதையும் வைக்கவில்லையே என்று அவர் வருந்தினார். எனினும் மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் 25 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று சொன்ன அரசியலமைப்பு, பள்ளிப்படிப்பைப் பற்றி ஏதும் சொல்லவில்லை. 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு 18 பேர் அளவில்தான் இருந்தனர். சொத்தும் வரியும் படிப்பும் பார்த்து வாக்குரிமை தந்த ஆங்கிலேயர் காலத்து முறையைக் கைவிட்டு எல்லோருக்கும் வாக்கு என்று துணிந்தவர்கள், வேட்பாளரிடம் மட்டும் சான்றிதழ் கேட்டிருந்தால், நாட்டில் பெரும்பாலோர் வாக்களிக்க மட்டுமே உரியவர்களாக நின்றிருப்பார்கள்.

அரியானா அரசு 2015-ஆம் ஆண்டு அப்படித்தான் கேட்டது. ஊராட்சித் தேர்தலில் நிற்கப் பொதுப்பிரிவு ஆண்களுக்குப் பத்தாம் வகுப்பு என்றும், பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் எட்டாம் வகுப்பு என்றும் சட்டம் வந்தது. அதனை எதிர்த்த ராஜ்பாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்று அவ்வாண்டு டிசம்பரில் தீர்ப்பளித்தது. அரசு தந்த கணக்கின்படியே, 20 வயதைக் கடந்த ஊரக மக்களில் ஏறத்தாழ 57 விழுக்காட்டினர்தாம் போட்டியிடும் தகுதியோடு இருந்தனர். இதே போன்ற சட்டத்தைச் சற்று முன்னரே கொண்டுவந்த இராசத்தான், 2019-இல் அதைத் திரும்பப் பெற்றது. தீர்ப்பை நான் மதிக்கிறேன். ஆனால் தன் ஊரில் பள்ளிக்கூடம் இல்லாததால் படிக்காமல் போன பெண்ணிடம், ஏன் படிக்கவில்லை என்று கேட்டு, அவள் வேட்புமனுவைத் திருப்பித் தரும் உரிமை அரசுக்கு எப்படி வந்தது என்ற கேள்வி எனக்கு இன்றும் தீரவில்லை.

ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில், ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல விரும்புகிறேன். நம் மாவட்டத்து ஊராட்சி ஒன்றில், பீடி சுற்றிப் பிழைத்த பெண்மணி ஒருவர் தலைவராக வந்தார். கையொப்பம் இட மட்டும் கற்றிருந்தார். நான் ஆய்வுக்குச் சென்ற அன்று, செயலர் செலவுச் சீட்டுகளை அவர் முன் அடுக்கி, கையொப்பம் இட வேண்டிய இடத்தைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். அம்மையார் பேனாவைத் தொடவில்லை. ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னார். மூன்றாவது சீட்டில் கையை உயர்த்தி நிறுத்தினார். "தம்பி, கொஞ்சம் பொறு. இந்த மோட்டாருக்குப் போன ஆனியிலதான காயில் கட்டுனோம்? இப்பவும் காயில்னு வாசிக்க. யாரு கழத்துனா, எந்தக் கடையில கொண்டு குடுத்த?" என்றார். செயலரிடம் பதில் இல்லை. அந்தச் சீட்டு அன்று கையொப்பமாகவில்லை.

இந்தக் கூர்மை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று பிறகு யோசித்தேன். மடியில் சுளகை வைத்து இலை வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, 25 பீடிக்கு ஒரு கட்டு, 40 கட்டுக்கு ஆயிரம் என்று வாழ்நாளெல்லாம் எண்ணியவர் அவர். கடையில் கழித்துவிட்ட பீடி எத்தனை, இலையில் குறைந்தது எவ்வளவு என்று சொல்லப்படும் கணக்கைத் தாளில்லாமல் சரிபார்த்துப் பழகியவரை, மோட்டார்ச் சீட்டில் ஏமாற்ற முடியவில்லை. எட்டாம் வகுப்பு விதி இங்கே இருந்திருந்தால் அவர் அந்த நாற்காலிக்கு வந்திருக்கவே மாட்டார்.

எழுத்தறியாமையால் தீங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் கையொப்பமிட வேண்டும் என்ற விதி இருந்தும், எதில் ஒப்பமிடுகிறோம் என்று அறியாமலே ஒப்பமிட்டு, பின்னர் தணிக்கைத் தடைக்கு விடை சொல்ல முடியாமல் அழுத தலைவர்களை நான் பார்த்திருக்கிறேன். மனைவி பெயரில் கணவர் ஆட்சி நடத்துவதற்கும் அந்த இருட்டுத்தான் வசதி செய்கிறது. ஆனால் பட்டம் பெற்ற தலைவர் ஒருவர், நேரமில்லை என்று, எழுதாத காசோலைகளில் வரிசையாக ஒப்பமிட்டு வைத்துவிட்டுப் போனதையும் இதே கண்ணால் பார்த்தேன். காமராசர் ஆறாம் வகுப்பைத் தாண்டவில்லையே என்று சொல்லி இந்த வாதத்தை முடித்துவிடுவது நம் வழக்கம். அவரைப் போன்றவர் அரிதாகத்தான் பிறப்பார்கள் என்பதால், அந்தச் சான்றை நான் அதிகம் நம்புவதில்லை. எனக்கு அந்தப் பீடித் தொழிலாளிதான் சான்று.

தமிழ்நாட்டு ஊராட்சிச் சட்டம் 21 வயதைக் கேட்கிறது, படிப்பைக் கேட்கவில்லை. அதனால்தான் 2021 அக்டோபர்த் தேர்தலில் நெல்லையை அடுத்த சிவந்திப்பட்டியில் 90 வயது மூதாட்டியும், தென்காசி மாவட்டம் வெங்கடாம்பட்டியில் பொறியியல் படித்த இளம்பெண்ணும் தலைவர்களாக வர முடிந்தது. இவ்விருவரில் யார் வேண்டும் என்பதை அந்தந்த ஊரார் முடிவு செய்தனர். வேட்பாளரின் படிப்பும் சொத்தும் வழக்குகளும் வாக்காளருக்குத் தெரிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-இலும் 2003-இலும் சொன்னதால், நாடாளுமன்ற, சட்டமன்ற வேட்பாளர்கள் அவற்றை உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதித் தருகிறார்கள். அதை வாசித்துவிட்டுப் படித்தவரையே தேர்ந்தெடுக்க வாக்காளருக்கு முழு உரிமை உண்டு.

தேர்ந்தெடுத்த பிறகு அரசு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பதவியேற்ற தலைவர்களுக்கு ஓரிரு நாள் பயிற்சி தந்து சான்றிதழ் கொடுத்து அனுப்புவது போதாது. முதல் ஆறு மாதம், வாரம் ஒரு நாளாவது, எழுத்தும் கணக்கும் பதிவேடுகளும் அவரவர் ஊராட்சி அலுவலகத்திலேயே சொல்லித்தரப்பட வேண்டும். பணம் கணினி வழியாகப் போகும் இக்காலத்தில், தலைவரின் மின்கையொப்பம் யார் கையில் இருக்கிறது என்பதையும் ஆய்வு செய்ய வேண்டும். தீர்மானம் எதுவாயினும் உரக்க வாசித்துக் காட்டிய பின்னரே ஒப்பம் பெற வேண்டும்.

நேயர்களும் ஒன்று செய்யலாம். வருகிற கிராமசபைக்குச் செல்லுங்கள். வரவு செலவை வாசிக்கச் சொல்லுங்கள். மொத்தத் தொகையை மட்டும் வாசித்தால், மோட்டாருக்கு எவ்வளவு, தெருவிளக்குக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். நான் சொன்ன அம்மையார் தம் ஐந்தாண்டுக் காலம் முழுவதும் அப்படித்தான் கேட்டார்.

நன்றி. வணக்கம்.