நெருக்கத்தை ஆழமாக வாழ்பவர்கள் பெண்களே

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வாசிகசாலை முன்றலில் பாய் விரித்து அமர்ந்திருக்கும் சபையோரே, வணக்கம். நட்பிலும் காதலிலும் நெருக்கத்தை ஆழமாக வாழ்பவர்கள் ஆண்களா, பெண்களா என்ற இந்த வழக்கில், ஆணாகிய நான் பெண்களுக்காக எழுந்து நிற்பதைக் கண்டு முன்வரிசையில் சிலர் சிரிக்கிறார்கள். சிரியுங்கள், என் வீட்டில் நடந்ததை மறைக்க முடியாமல்தான் இந்தப் பக்கம் வந்தேன்.

எதிரணித் தலைவரின் பேச்சில் என்னைத் தொட்ட இடம் காவல் கொட்டில். இரணைமடுக் குளத்தின் கீழ் மழைக்காலத்துக் காலபோக நெல் கதிர் தள்ளும் நாட்களில், யானைக்கும் பன்றிக்கும் காவலாக இரண்டு கமக்காரர் விடியும்வரை ஒரே கொட்டிலில் பேசாமல் இருப்பார்களே, அந்த மௌனத்தைவிட நெருக்கம் எது என்று அவர் கேட்டார். அந்த மௌனத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. பெண்களின் நட்பு முகத்துக்கு முகம் பார்த்திருப்பது என்றும், ஆண்களின் நட்பு பக்கத்தில் பக்கம் நின்று வேறொன்றைச் சேர்ந்து பார்ப்பது என்றும் உளவியலாளர் பால் ரைட் 1982 இல் எழுதினார். என் கேள்வி ஒன்றுதான்: சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்த அந்த வேறொன்று இல்லாமற்போனால், பக்கத்தில் நின்ற இருவருக்கும் இடையில் என்ன மிஞ்சும்?

இதற்கு விடை தேட வன்னியில் உள்ளவர்கள் புத்தகம் புரட்டத் தேவையில்லை. என் அப்பாவும் பக்கத்து வயற்காரரும் இருபது வருடங்கள் ஒரே வரம்பைப் பங்கிட்டவர்கள். ஒருவர் வாய்க்காலை மறித்தால் மற்றவர் ஏன் என்று கேட்கமாட்டார். 2009 இல் போரால் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமுக்குப் போனபோது வயலும் இல்லை, உழவு மெசினும் இல்லை, தண்ணீர் முறையும் இல்லை. இருவரும் கூடாரத்து வாசலில் இரண்டு தடவை சந்தித்தார்கள், சுகம் விசாரித்தார்கள், பிறகு கதைக்க ஒன்றும் இல்லாமல் நின்றுவிட்டார்கள். அதே முகாமில், தண்ணீர் பவுசருக்கு வாளியோடு வரிசையில் நின்ற என் அம்மா, முன்பின் அறியாத மடுப் பக்கத்துப் பெண் ஒருத்தியோடு ஒரு மாதத்துக்குள் கூடப்பிறந்தவள்போல ஆகிவிட்டார். அந்த வயற்காரரின் மூத்த மகளுக்கு இருதயத்தில் கோளாறு இருந்ததும், ஒரு சிறுபோகக் காணியை அவர் ஈடு வைத்தது அதற்காகத்தான் என்பதும் அப்பாவுக்கு அங்கேதான் தெரியவந்தது; சொன்னவர் அம்மா. அம்மாவுக்கு அது பத்து வருடங்களாகத் தெரியும், வேலியோரக் கதையில்.

ஊரை விட்டு ஓடும்போது வயலைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. சொல்லிப் பழகிய வாயும் கேட்டுப் பழகிய காதும் எங்கும் கூட வரும்.

இது என் வீட்டுக் கதை மட்டுமல்ல. 1983 இல் வெளியான ஆய்வொன்றில் லாட் வீலர், ஹரி ரைஸ், ஜோன் நெஸ்லெக் ஆகியோர் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களைத் தம் சந்திப்புகளை நாளாந்தம் குறித்துவைக்கச் செய்தார்கள். ஆணோ பெண்ணோ, பெண்களோடு அதிக நேரம் செலவிட்டவர்களிடம் தனிமை குறைவாகவே காணப்பட்டது, ஆண்களோடு செலவிட்ட நேரத்துக்கு அந்தப் பலன் அவ்வளவாக இல்லை. நேர்மைக்காக இன்னொன்றையும் சொல்லவேண்டும்: மனம்விட்டுக் கதைக்கும்படி கேட்டால் ஆண்களும் பெண்களுக்கு நிகராகக் கதைக்கிறார்கள் என்று ரைஸும் அவரோடு சேர்ந்தவர்களும் 1985 இல் காட்டினார்கள். எதிரணி இதைக் கையில் எடுக்குமுன் நானே தருகிறேன். முடியாமல் அல்ல, முடிந்தும் செய்வதில்லை என்பதுதான் ஆண்கள்மீது என் குற்றச்சாட்டு.

சங்கப் புலவர் பிசிராந்தையாரை மறக்கலாமா என்று எதிரணியினர் கேட்டார்கள். காணாமலே நட்புக் கொண்டு, கோப்பெருஞ்சோழன் உண்ணாநோன்பிருந்து உயிர்விட வடக்கிருந்த இடத்துக்கு, தானும் உயிர்விட வந்தவரை யார் மறப்பது? ஆனால் அவர் வந்துசேர்ந்ததைக் கண்டு, சோழனின் அருகிலேயே இருந்த பொத்தியாரே நினைக்க நினைக்க வியப்பாக இருக்கிறது என்று பாடினார். ஆண்களிடத்தில் அது வழக்கமாக இருந்திருந்தால் அருகிலிருந்தவர் ஏன் வியக்கவேண்டும்? அகப்பாடல்களைப் பாருங்கள்: தலைவியின் தோழி பாட்டுக்குப் பாட்டு பேசுகிறாள், தலைவனின் தோழனாகிய பாங்கனோ எப்போதாவது வந்து, பெரும்பாலும் இடித்துரைத்துவிட்டுப் போகிறான்.

காதலுக்கு வருகிறேன். அன்பை முதலில் வாய்திறந்து சொல்பவர் பெரும்பாலும் ஆணே என்பது 2011 இல் ஜோசுவா அக்கர்மன் குழுவினரின் ஆய்விலும் தெரிந்தது, அதை மறுக்கவில்லை. விசுவமடுச் சந்தியில் மணிக்கணக்காகக் காத்துநின்று, தன் பயங்களையெல்லாம் அவளிடம் கொட்டியவன், தாலி கட்டிய மறுவருடமே நாள் முழுவதையும் "சோத்தைப் போடு" என்பதற்குள் அடக்கிவிடுகிறானே, அதைத்தான் கேட்கிறேன். அவனுக்கு மனம் திறக்க இருப்பவள் மனைவி ஒருத்திதான். அவளுக்கோ தங்கை, மச்சாள், மாதர் சங்கத்துச் சிநேகிதி என்று பலர் உண்டு. அவள் இல்லாத வீட்டில் அவன் நிலையை நினைத்துப் பாருங்கள்.

நடுவர் அவர்கள் மணியைத் தொடுவது தெரிகிறது. ஒன்றைச் சொல்லி அமர்கிறேன். கனடாவில் இருக்கும் என் தம்பி ஞாயிறு தோறும் தொலைபேசியில் அழைப்பான். அப்பா எடுத்து, "சுகமா இருக்கிறியோ? சாப்பிட்டியோ? இந்தா, அம்மாவோடை கதை" என்று கொடுத்துவிடுவார். அம்மா காலமாகி மூன்று வருடங்கள் ஆகின்றன. தம்பி இப்போதும் ஞாயிறு தோறும் அழைக்கிறான், அப்பா அதே இரண்டு கேள்விகளையும் கேட்கிறார், பிறகு தொலைபேசியை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார்.