பாத்திரத்தைக் கதிரையில் இருத்திக் கேளுங்கள்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

பாடசாலைகளின் தமிழ்த்தினப் போட்டிக்கு நாடகம் பழக்கும் காலம் வந்துவிட்டால், திருகோணமலையில் தெருவால் போகும்போதே தெரிந்துவிடும். ஏதாவது ஒரு வீட்டு விறாந்தையில் ஒரு பிள்ளை வசனம் பாடமாக்கிக்கொண்டிருக்கும். தாய் பிரதியைக் கையில் பிடித்து, "பிறகு?" என்று கேட்பார். பிள்ளை ஒரு சொல் பிசகாமல் ஒப்புவிக்கும். ஆனால் மேடையில் ஏறியதும் வசனம் மட்டும் வரும். அந்த வசனத்துக்குரிய ஆள் வரமாட்டார்.

அந்த ஆளை வரவழைப்பது பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். பாத்திரமேற்று நடித்தல் என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். பிரதியில் உள்ள காட்சியை நடிப்பதல்ல இது. பிரதிக்கு வெளியே அந்த மனிதர் எப்படி வாழ்கிறார், எதற்குப் பயப்படுகிறார் என்பதைப் பிள்ளை அவராகவே இருந்து கண்டுபிடிப்பது. எழுதிய வசனம் கிடையாது. வேண்டியது ஒரு கதிரை.

ஒன்றைச் சொல்கிறேன். தரம் 10 பிள்ளைகள் சிலர் கடற்றொழில் குடும்பங்களைப் பற்றி ஒரு நாடகம் எழுதினார்கள். வாடைக்காற்றுத் தொடங்கினால் நம் பக்கக் கடல் எப்படியிருக்கும், வள்ளம் கரையில் கிடக்கக் கிடக்கக் கடன் எப்படி ஏறும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நாடகத்தில் ஒரு சம்மாட்டி, அதாவது வள்ளமும் வலையும் வைத்திருக்கும் முதலாளி, கடனைக் கேட்டு வருகிறார். அந்தப் பாத்திரம் ஏற்ற பையன் நெஞ்சை நிமிர்த்தி, இடுப்பில் கையை ஊன்றி, முதல் வரியிலிருந்தே கத்தினான். நான் அவனுடைய குரலைத் திருத்தவில்லை. கதிரையைப் போட்டு நடுவில் இருத்தினேன். மற்றவர்கள் கேட்கலாம், அவன் சம்மாட்டியாகவே பதில் சொல்ல வேண்டும்.

"காலையில் என்ன சாப்பிட்டீர்கள், முதலாளி?"

"பழஞ்சோறு."

"இவ்வளவு காசு வைத்துக்கொண்டு பழஞ்சோறா?"

"காசு எங்கே இருக்கிறது? எஞ்சினும் வலையும் வங்கிக் கடனில் எடுத்தவை."

இதைச் சொல்லும்போதே இடுப்பிலிருந்த கை இறங்கி முழங்காலுக்கு வந்துவிட்டது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிறகு, கடன்பட்டவரின் மனைவியாக நடிக்கும் மாணவி கேட்டாள்: "கடனைக் கேட்க நீங்களே ஏன் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள்? ஆளை அனுப்பியிருக்கலாமே?"

பையன் கதிரையின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டு நெடுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான்: "ஆளை அனுப்பினால் ஊருக்குத் தெரிந்துவிடும். உன் புருஷனுக்கு அவமானம்."

நேயர்களே, பிரதியில் அப்படி ஒரு வரி இல்லை. எழுதிய பிள்ளைகளே திகைத்துப்போனார்கள். அடுத்த ஒத்திகையில் அவன் படலையடியில் நின்று, தெருவின் இரு பக்கமும் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் அதே வசனத்தைப் பேசினான். வசனம் ஒன்றுகூட மாறவில்லை. முன்பு அவன் கத்தியபோது சிரித்த வகுப்பு, இப்போது மூச்சுக் காட்டாமல் இருந்தது. மீண்டும் சொல்கிறேன்: குரலைத் திருத்தவில்லை. ஆள் வந்தார், குரல் தானாக வந்தது.

வில்லன் பாத்திரங்களுக்கு இந்தக் கதிரை மிகவும் அவசியம் என்பது என் உறுதியான எண்ணம். நல்லவரைப் பிள்ளைகள் தாமாகவே விளங்கிக்கொள்வார்கள். கெட்டவருக்கு மீசையை முறுக்கிவிட்டால் போதும் என்று நாம்தான் விட்டுவிடுகிறோம்.

இது எங்கிருந்தோ இறக்குமதியான வித்தை என்று சிலர் நினைக்கலாம். நம் கூத்திலே வரவுப்பாட்டு இருக்கிறது. பாத்திரம் கூத்தாடும் களரிக்கு வரும்போதே தான் யார் என்பதைச் சபைக்கு அறிவித்துவிட்டுத்தான் கதைக்குள் போகும். ரஷ்யாவில் 1898இல் மொஸ்கோ கலை அரங்கைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்தனிஸ்லாவ்ஸ்கி, "இந்த நிலையில் நான் இருந்தால் என்ன செய்வேன்?" என்று நடிகர் தம்மையே கேட்க வேண்டும் என்றார். யாழ்ப்பாணத்தில் 1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரியும் பயிற்சிக்கு முதலிடம் கொடுத்தது. இங்கிலாந்தில் டொரதி ஹீத்கோட், பதினான்கு வயதில் நெசவாலை வேலைக்குப் போனவர், பின்னர் நாடகம் கற்பிக்கும் ஆசிரியராகி, ஆசிரியரே பாத்திரமேற்று வகுப்புக்குள் நுழையும் முறையை வளர்த்தார். அதைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன்; நேரம் முடிகிறது என்று சைகை வந்துவிட்டது.

ஆசிரியர்களுக்கு அவசரமாக இரண்டு விடயங்கள். "உங்களுக்குக் கவலையா?" என்று கேட்க விடாதீர்கள், "ஆம்" என்பதோடு நின்றுவிடும். என்ன சாப்பிட்டார், யாருக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது, இரவு கதவை யார் பூட்டுவது என்று கேட்கச் சொல்லுங்கள். மற்றது, கதிரையை விட்டு எழுந்ததும் பிள்ளையைச் சொந்தப் பெயரால் கூப்பிடுங்கள்; இடைவேளையிலும் "முதலாளி" என்று கேலி செய்ய இடம் கொடுக்க வேண்டாம். வீட்டில் உண்மையாகவே கடன் தொல்லை உள்ள பிள்ளையென்று தெரிந்தால், அந்தக் கதிரையில் இருத்தாமல் வேறு பாத்திரம் கொடுங்கள்.

வணக்கம்.