தாத்தாவின் லென்ஸ் என் கேமராவில் ஏறுமா?

வணக்கம். வந்த கேள்விகளில் ஒன்று மனசை விட்டுப் போகவே இல்லை, அதையே முதலில் எடுக்கிறேன். இங்கே மலேசியாவில், நம்ம சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: "அண்ணே, தாத்தா தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். அவருடைய பழைய நிக்கான் 50 மில்லிமீட்டர் லென்ஸ் அலமாரியில் தோல் உறையோடு கிடந்தது. என்னிடம் நிக்கான் டி5300 கேமரா இருக்கிறது. மாட்டினால் கேமரா கெட்டுப்போகுமா?"

கெடாது தம்பி. நிக்கான் 1959இல் கொண்டுவந்த அதே மவுண்ட்தான், அதாவது லென்ஸ் மாட்டும் வளையம்தான், உங்கள் கேமராவிலும். 1977க்கு முந்திய லென்ஸ் என்றால் டி7000 மாதிரி விலை கூடிய கேமராக்களில் மவுண்ட் ஓரத்தில் இருக்கும் சின்னக் கொக்கியை உடைத்துவிடக்கூடும். டி5300இல் அந்தக் கொக்கியே கிடையாது. விலை குறைந்த கேமராவுக்கு இப்படி ஒரு யோகம்!

மாட்டியதும் டயலை 'எம்'மில், அதாவது மேனுவலில் வையுங்கள். வேறு எதில் வைத்தாலும் ஷட்டர் விழாது, லென்ஸ் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள். வெளிச்சத்தை அளக்கும் மீட்டரும் வேலை செய்யாது. அதனால் என்ன? நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் அளவு) 100, லென்ஸ் துளை எஃப் 16, ஷட்டர் வேகம் 1/125 வினாடி. ஒரு படம் எடுங்கள், திரையில் பாருங்கள், கூட்டிக் குறையுங்கள். செம்பனை நிழலுக்குள் போனால் துளையை நிறையவே திறக்க வேண்டியிருக்கும். ஃபோகஸ் சரியானதும் வியூஃபைண்டரில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். துளையை முழுசாகத் திறந்திருந்தால் அதை மட்டும் நம்பாதீர்கள், லைவ் வியூவில், அதாவது பின்திரையில், பெரிதாக்கிப் பாருங்கள்.

கேனான் வைத்திருப்பவர்களும் கேட்பீர்கள். நிக்கான் லென்ஸ் கேனானில் ஒரு அடாப்டர் வளையத்தோடு ஏறும், தூரத்து மலை வரைக்கும் ஃபோகஸ் ஆகும். கேனான் லென்ஸ் டி5300 மாதிரி நிக்கானில்? விட்டுவிடுங்கள்.

சரி, இதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. அந்தத் தோல் உறைதான் என்னை உறுத்துகிறது. தம்பி, அந்த லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தீர்களா? இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஆமாம், மறுபடியும் டார்ச்தான். எப்போதும் இதையேதான் சொல்கிறேன் என்று என்னிடம் பழகியவர்கள் சிரிப்பது எனக்குத் தெரியும்.

இரண்டு மூடியையும் கழற்றி, அப்பர்ச்சர் (லென்ஸ் துளை) வளையத்தை முழுசாகத் திறந்து, போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து கொஞ்சம் சாய்வாக அடியுங்கள். தூசி தெரிந்தால் கவலை வேண்டாம், படத்தில் வராது. கண்ணாடி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெள்ளை நூல் நூலாக, சிலந்தி வலை மாதிரி ஓடினால் அது பூஞ்சை.

நம்ம ஊர் அக்கா ஒருவர் அவருடைய அப்பாவின் லென்ஸைக் கொண்டுவந்தார். அந்த அப்பா தோட்டத்து மாரியம்மன் கோவில் தீமிதிக்கு அந்தக் காலத்திலேயே படம் எடுத்தவர். குழி ஓரத்தில் நின்று, லென்ஸின் ஃபோகஸ் வளையத்தில் எட்டு அடி தூரம் என்று வைத்துவிட்டு, ஆள் அந்த இடத்துக்கு வரும்போது அழுத்துவாராம். புகைக்குள் ஆட்டோஃபோகஸ் தடுமாறும்போது இப்பவும் அதுதான் வழி, நானும் அப்படித்தான் எடுக்கிறேன். எங்கே விட்டேன்... அக்காவின் லென்ஸ். வெளியே பளபளவென்று இருந்தது. விளக்கு உள்ளே வரும்படி எடுத்த படம் எல்லாம் மங்கல். கேமராதான் கோளாறு என்று நினைத்து வந்தார். டார்ச் அடித்தோம், உள்ளே முழுக்க வலை.

தோல் உறை ஈரத்தைப் பிடித்துவைக்கும். அலமாரி இருட்டு. இங்கே பெய்கிற மழைக்குப் பூஞ்சை வராமல் இருந்தால்தான் அதிசயம். லேசாக இருந்தால் பிரித்துத் துடைத்துவிடலாம், தெரிந்தவர் கையில் கொடுங்கள். முற்றினால் கண்ணாடி மேலுள்ள பூச்சையே அரித்துவிடும், துடைத்தாலும் தடம் போகாது.

சுத்தமாக இருந்தால், தோல் உறையைத் தாத்தா ஞாபகத்துக்குத் தனியாக வையுங்கள். லென்ஸைக் காற்றுப் புகாத டப்பாவில், கூடவே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், பக்கத்தில் ஈரப்பதமானி. ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு போதும். அரிசி போடாதீர்கள் அம்மா தாயே, அந்த மாவெல்லாம் வளையத்துக்குள் இறங்கும். ஜெல் நிறம் மாறினால் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். தம்பி, டார்ச் அடித்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.