பெயர் ஒன்றே, மற்றவை முகவரி

அவையோருக்கு வணக்கம்.

2013 நவம்பரில் சென்னையில் ஒரு சதுரங்கப் பலகையின் இருபுறமும் இரண்டு பேர் அமர்ந்திருந்தார்கள். ஒருவர் விஸ்வநாதன் ஆனந்த். எதிரே நார்வே இளைஞர் மாக்னஸ் கார்ல்சன். உலகச் சாம்பியன் பட்டம் அன்று கைமாறியதை நீங்கள் அறிவீர்கள். நான் பேச வந்தது அந்த ஆட்டத்தைப் பற்றி அல்ல, அந்த இரண்டு பெயர்களைப் பற்றி.

ஆனந்த் என்பது பிள்ளைக்கு வைத்த பெயர். விஸ்வநாதன் அவருடைய தந்தை. இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கார்ல்சன் என்றாலும் 'கார்லின் மகன்' என்றுதான் பொருள். ஆனால் மாக்னஸின் தந்தை பெயர் கார்ல் அல்ல, ஹென்ரிக். சில நூற்றாண்டுகளுக்கு முன் பிறந்திருந்தால் இவர் மாக்னஸ் ஹென்ரிக்சன் ஆகியிருப்பார். அப்படியானால் அந்தக் கார்ல் யார்? அந்தக் குடும்பத்தில் என்றோ வாழ்ந்த ஒரு மூதாதை. அவருடைய பெயர் ஒரு தலைமுறையோடு நகராமல் நின்றுவிட்டது. அது ஏன் நின்றது என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன். அதற்கு முன், மாக்னஸ் என்ற பெயரை ஒரு கவிஞர் நார்வேக்குள் கொண்டுவந்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

ஆண்டு 1024 வாக்கில். நார்வே மன்னர் ஓலாஃப் ஹரால்ட்சன் உறங்கிக்கொண்டிருக்கிறார். ஆல்ஃப்ஹில்ட் என்னும் பெண்ணுக்கு அவருடைய மகன் பிறக்கிறான். குழந்தைக்கு உயிர் இருக்கிறதா என்றே நெடுநேரம் தெரியவில்லை. ஞானஸ்நானம் பெறாமல் இறந்துவிடுமோ என்று பாதிரியார் பதறுகிறார். மன்னரை எழுப்பலாமா? தூக்கத்தைக் கலைத்தால் அவருக்கு வரும் கோபம் எல்லோருக்கும் தெரியும். அரசவைக் கவிஞர் சிக்வாத் பொறுப்பைத் தன்மேல் போட்டுக்கொண்டு, மாக்னஸ் என்று பெயரிடச் சொன்னார். காலையில் செய்தி அறிந்த மன்னர் கொதித்துப்போனார். எங்கள் குலத்தில் இல்லாத பெயரை ஏன் வைத்தாய் என்று கேட்டார். பேரரசர் சார்லமேனின் பெயரை வைத்தேன், உலகிலேயே சிறந்த மனிதர் அவர் என்று நான் அறிவேன் என்றார் கவிஞர்.

சார்லமேன் என்பவர் லத்தீனில் கரோலுஸ் மாக்னுஸ், அதாவது மகா கார்ல். மாக்னுஸ் என்பது பெயரே அல்ல, 'பெரிய' என்னும் அடைமொழி. அந்த அடைமொழியைக் கவிஞர் பெயராக்கினார். பிழைத்துக்கொண்ட அந்தக் குழந்தை பின்னாளில் நார்வே, டென்மார்க் இரண்டுக்கும் மன்னராகி 'நல்ல மாக்னஸ்' என்று பேர் பெற்றது. அதன்பின் அந்தப் பெயர் அரச குலத்திலிருந்து வயற்காட்டுக்கு இறங்கி, இன்று எந்தத் தெருவிலும் கேட்கும் பெயராகிவிட்டது. மாக்னஸ், கார்ல் ஆகிய இரண்டும் சேர்ந்து அந்தச் சதுரங்க வீரரின் பெயருக்குள் அந்தப் பேரரசர் முழுதாகவே குடியிருக்கிறார். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் உடல் சிலிர்க்கிறது.

மன்னர் கேட்ட கேள்வியைக் கவனியுங்கள். பெயரின் பொருள் என்ன என்று அவர் கேட்கவில்லை. எங்கள் குலத்தில் இந்தப் பெயர் இல்லையே என்றுதான் கேட்டார். ஐரோப்பாவின் வடகோடியில் வாழ்ந்த அக்கால மக்களுக்குப் பெயர் என்பது புதிதாகக் கண்டுபிடிப்பதல்ல. இறந்தவரிடமிருந்து வாங்கிக்கொள்வது. தாத்தாவின் பெயர் பேரனுக்கு வரும். குழந்தை வயிற்றில் இருக்கும்போதே தந்தை இறந்தால் மகனுக்கு அவர் பெயரே வரும். கிறிஸ்தவம் வருவதற்கு முன்பே குழந்தையின்மேல் நீர் தெளித்துப் பெயரிடும் வழக்கம் அங்கே இருந்தது. பெயர் கொடுத்தவர் ஒரு பரிசும் கொடுப்பார். 'பெயரை முடிந்துவைக்கும் பரிசு' என்றே அதற்குப் பேர்.

டென்மார்க் அரச குடும்பத்தில் இந்த வழக்கம் வியப்பூட்டும் ஒழுங்கோடு நின்றது. 1513 முதல் 1972 வரை அரியணை ஏறிய மன்னர்கள் கிறிஸ்தியான், ஃபிரெடெரிக், கிறிஸ்தியான், ஃபிரெடெரிக் என்று மாறி மாறி வந்தார்கள். பிறகு அரசி மார்கிரேத. 2024 ஜனவரியில் அவர் முடியைத் துறந்தபோது வந்தவர் பத்தாம் ஃபிரெடெரிக். அவருடைய மூத்த மகனின் பெயரை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

முழுப் பெயரைத் தராமல் பாதிப் பெயரைத் தருவதும் உண்டு. அந்த மக்களின் பழைய பெயர்கள் பெரும்பாலும் இரண்டு துண்டுகளால் ஆனவை. ஸ்டெய்ன் என்றால் கல், பியோர்ன் கரடி, உல்ஃப் ஓநாய், சிக் வெற்றி, ஹில்ட் போர், வால்ட் ஆள்பவன், ஃப்ரீத் அழகு. இவற்றை இணைத்தால் தோர்ஸ்டெய்ன், தோர்பியோர்ன், சிக்ரிட், இங்ரிட், ஆஸ்ட்ரிட், ராக்ன்ஹில்ட், ஹரால்ட். அமெரிக்காவின் கரையை முதலில் தொட்ட ஐரோப்பியர் என்று போற்றப்படும் லேய்ஃப் எய்ரிக்சனின் வம்சத்தைப் பாருங்கள். அவருடைய தந்தை செந்தலை எய்ரிக், தாத்தா தோர்வால்ட், கொள்ளுத் தாத்தா ஆஸ்வால்ட். தோர்வால்ட் தன் தந்தையிடமிருந்து வாங்கிக்கொண்டது அந்த 'வால்ட்' என்னும் பாதி.

இங்கே ஒரு தவறான பழக்கத்தைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். குழந்தைப் பெயர்க் கையேடுகள் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வாக்கியத்தைப் பொருளாக எழுதிவைக்கின்றன. குன்ஹில்ட் என்ற பெயரில் 'குன்' என்றாலும் போர், 'ஹில்ட்' என்றாலும் போர். போர்ப்போர் என்று எந்தத் தாயாவது மகளை அழைக்க நினைப்பாளா? அப்பா வழியில் ஒரு துண்டு, அம்மா வழியில் ஒரு துண்டு என்று இணைத்தார்கள். அந்தப் பெயருக்குள் இருப்பது வாக்கியமல்ல, உறவு.

உறவு மனிதர்களோடு மட்டுமல்ல, தெய்வத்தோடும்தான். இடியின் கடவுளான தோரை வழிபட்ட ஹ்ரோல்ஃப் என்பவரைப் பற்றி ஐஸ்லாந்தின் பழைய வரலாற்றுக் கதை ஒன்று சொல்கிறது. நார்வேயில் மோஸ்டர் தீவில் தோரின் கோயிலைப் பேணியவர் அவர். அதனால் ஊரார் அவரைத் தோரோல்ஃப் என்று அழைத்தார்கள். பிறகு ஐஸ்லாந்தில் குடியேறினார். அங்கே பிறந்த மகனுக்கு ஸ்டெய்ன் என்று பெயரிட்டுக் கடவுளுக்கு நேர்ந்துவிட்டார். பிள்ளை தோர்ஸ்டெய்ன் ஆனான். தோர்ஸ்டெய்ன் தன் மகன் கிரீமை அதேபோல் நேர்ந்துவிட, அவன் தோர்கிரீம் ஆனான். மூன்று தலைமுறை தெய்வத்தின் பெயரைச் சுமந்தது.

கிறிஸ்தவம் வேரூன்றியபின் புனிதர்களின் பெயர்கள் வந்து குவிந்தன. தமிழ் விவிலியம் யோவான் என்று சொல்லும் பெயர் அங்கே ஹான்ஸ், யென்ஸ், யோன் என்று பல உருவெடுத்தது. நிக்கோலஸ் நீல்ஸ் ஆனார், லாரன்ஸ் லார்ஸ் ஆனார், அந்திரேயா ஆண்டர்ஸ் ஆனார். பழைய பெயர்களின் செழிப்பு சுருங்கியது. ஒரே ஊரில் பத்து ஹான்ஸ்கள் என்றால் யார் எந்த ஹான்ஸ்?

யாருடைய மகன் என்று சொன்னால் ஓரளவு தெரியும். நார்வேயில் அதோடு வாழும் பண்ணையின் பெயரையும் சேர்த்தார்கள். தால் என்றால் பள்ளத்தாக்கு, பாக்கே என்றால் சரிவு, ஹௌகன் என்றால் மேடு, வீக் என்றால் விரிகுடா. ஆள் வேறு பண்ணைக்குக் குடிபெயர்ந்தால் அந்தப் பெயரும் மாறும். இதைத்தான் நான் முகவரி என்கிறேன். வைத்த பெயர் ஒன்றுதான் ஆளுக்கு உரியது. தந்தை பெயரும் பண்ணைப் பெயரும் அவரைக் கண்டுபிடிக்க உதவும் குறிப்புகள்.

ஸ்வீடனில் இந்தக் குறிப்பைப் படையும் கொடுத்தது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பதினோராம் கார்ல் மன்னர் கிராமந்தோறும் வீரர்களை அமர்த்தும் முறையை நிலைநாட்டினார். ஒரே அணியில் ஏழெட்டு ஆண்டர்சன்கள் நின்றால் கட்டளையிடுவது எப்படி? ஆகவே விரைவானவன் என்னும் பொருளில் ராஸ்க், தைரியசாலி என்னும் பொருளில் மூடிக், எஃகு என்னும் பொருளில் ஸ்டோல் என்று சின்னச் சின்னப் பெயர்களைக் கொடுத்தார்கள். படித்தவர்கள் லத்தீனைத் தேடிப்போனார்கள். நீல்ஸ் இங்கெமார்சன் என்ற இளைஞர் பல்கலைக்கழகத்தில் சேரும்போது, தன் குடும்ப நிலத்தில் நின்ற பெரிய லிண்டன் மரத்தை நினைத்து லின்னேயஸ் என்று பெயர் சூட்டிக்கொண்டார். தாவரங்களுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைத்த கார்ல் லின்னேயஸ் அவருடைய மகன். இன்னொரு குடும்பம் 'மேடு' என்னும் பொருள் கொண்ட தன் இருப்பிடத்தை லத்தீனாக்கி செல்சியஸ் என்று பெயர் கொண்டது. நம் ஊர் வெயிலை அளந்து சொல்லும்போது, ஸ்வீடனின் ஒரு மேட்டு நிலத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த ஆற்றை உறையவைத்தது சட்டம். பதிவேடு எழுதுவோருக்கு நிலையான குடும்பப் பெயர் தேவைப்பட்டது. டென்மார்க்கில் 1828-இன் ஞானஸ்நான ஆணை, ஸ்வீடனில் 1901-இன் விதி, நார்வேயில் 1923-இன் பெயர்ச் சட்டம். அன்றிருந்த 'சன்'கள் அப்படியே நின்றன. கார்ல்சன் நின்றதும் அப்படித்தான். டென்மார்க்கில் 1993 முதல் 2011 வரை மூன்று பிரதமர்கள் அடுத்தடுத்து வந்தார்கள், மூவரும் ரஸ்முசன்கள், மூவருக்கும் உறவில்லை. ஆகவே மக்கள் நடுப் பெயரைப் பிடித்துக்கொண்டு நீருப், ஃபோக், லோக்க என்று அழைத்தார்கள். நார்வேயில் குடியேறிய ஈழத் தமிழர் குடும்பங்களிலும் இதே உறைதல் நடக்கிறது. அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகப் பதிவாகி, பேரப்பிள்ளைகளுக்கும் போகிறது.

இந்த உறைதலில் தொலைந்தது ஒன்று இருக்கிறது. அது என் மனத்தை அறுக்கிறது. பழைய முறையில் பெண் எவருடைய மகனும் அல்ல. லார்ஸின் மகள் ஆன்னா, ஆன்னா லார்ஸ்தாத்தர். திருமணமானாலும் லார்ஸின் மகள்தான். சில நேரங்களில் தாயின் பெயரே மகனைத் தூக்கி நிறுத்தியது. 1047-இல் டென்மார்க் மன்னரான ஸ்வெய்னை வரலாறு 'எஸ்ட்ரிட்டின் மகன்' என்றே அறியும், ஏனென்றால் அவருடைய அரியணை உரிமை தாய் வழியில் வந்தது. குடும்பப் பெயர் நிலைத்தபின் ஆன்னாவும் ஏதோ ஒரு 'சன்' ஆனாள். மகள் என்னும் சொல் பெயர்ப் பதிவேட்டிலிருந்து வழக்கொழிந்தது. இப்போது மூன்று நாடுகளின் சட்டங்களும் பழைய முறைக்கு மீண்டும் இடம் தருகின்றன. சில இளம் பெற்றோர் மகள்களுக்கு அந்தச் சொல்லைத் திருப்பித் தருகிறார்கள். அவர்களை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஐஸ்லாந்து மட்டும் உறைய மறுத்தது. 1925-இல் அங்கே வந்த சட்டம் நேர்மாறானது. புதிதாகக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்வதையே அது தடுத்தது. ஐனாரின் மகன் யோனும் ஓலாஃபின் மகள் குத்ரூனும் மணந்துகொண்டால், பிள்ளைகள் யோனின் மகன், யோனின் மகள். ஒரே வீட்டில் நான்கு பேருக்கு நான்கு பின்பெயர்கள். புதுப் பெயர் வைக்க விரும்பினால் அதற்கென உள்ள குழுவின் இசைவு வேண்டும். அந்தப் பெயர் ஐஸ்லாந்து மொழியின் வேற்றுமை உருபை ஏற்க வேண்டும் என்பது முதன்மையான நிபந்தனை. காரணம் எளிது. ஆறாம் வேற்றுமையை ஏற்காத பெயரை வைத்தால், நாளைக்கு அவருடைய குழந்தையை 'இன்னாருடைய மகள்' என்று எப்படிச் சொல்வது? 2019-இல் இன்னொரு கதவும் திறந்தது. ஆண், பெண் என்ற பகுப்புக்குள் தம்மைப் பதிந்துகொள்ளாதவர்களுக்கு, மகன், மகள் இரண்டுக்கும் பதிலாக 'பூர்' என்ற பழங்கவிதைச் சொல்லைச் சட்டம் ஏற்றது.

அந்த நாட்டில் தொலைபேசிப் புத்தகம் வைத்த பெயரின் வரிசையில்தான் இருந்தது. நாட்டின் தலைவரையும் வைத்த பெயரால்தான் அழைப்பார்கள். 1980-இல் ஒரு பெண் அங்கே குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மக்கள் வாக்களித்துத் தேர்ந்த உலகின் முதல் பெண் குடியரசுத் தலைவர் அவர். மக்களுக்கு அவர் விக்தீஸ். 'விக்' என்றால் போர், 'தீஸ்' என்றால் தேவி. ஆயிரம் ஆண்டுக்கு முன் செய்த அதே இரண்டு துண்டுகள். பின்பெயர் ஃபின்போகாதோட்டிர், ஃபின்போகியின் மகள். அந்த ஃபின்போகியின் பின்பெயரையும் தேடிப் பார்த்தேன். தோர்வால்ட்சன் என்று இருந்தது.