நிற்பதற்கான பிரேக்

வணக்கம், நேயர்களே. இந்த உரைக்கு அழைத்தபோது, உங்களுக்குப் பிடித்த எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம் என்றார்கள். அப்படியென்றால் எனக்குப் பழைய பிஎம்எக்ஸ், அதாவது மண்ணில் பந்தயம் விட வந்த சின்னச் சைக்கிள்தான். அதிலும் பந்தயச் சைக்கிள் இல்லை, ஃப்ரீஸ்டைல் சைக்கிள். 1980-களில் வித்தை காட்டுவதற்கென்றே செய்யப்பட்டவை. 20 அங்குலச் சக்கரம், உயரமான ஹேண்டில்பார், தாழ்ந்த சீட். தூரத்தில் இருந்து பார்த்தால் சிறுவர் சைக்கிள்தான். கிட்டப் போனால், மிதிக்க வேண்டிய சைக்கிளில் ஏறி நிற்பதற்கும் இடங்கள் இருக்கும். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் மேல் கால் வைக்க ஒரு இடம், பின் அச்சின் இரு முனைகளிலும் கால் வைக்கக் குழாய்கள், சில ஃபிரேம்களில் சீட்டுக்கு அருகே பற்றவைத்த சின்ன மேடை. நான் பதின்வயதில் இருந்தபோது இதன் படத்தைத்தான் முதலில் பார்த்தேன். இன்று இவற்றைத் தேடி வாங்குகிறேன், சரிசெய்கிறேன், ஓட்டுகிறேன். ஓட்டுகிறேன் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த உரை முழுக்க அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1970-களின் தொடக்கத்தில் தென் கலிபோர்னியாவில் சிறுவர்கள் மோட்டார் சைக்கிள் மண்பந்தயக்காரர்களைப் பார்த்து, அதேபோல் தங்கள் சின்னச் சைக்கிள்களை மண்ணில் விரட்டினார்கள். அதுதான் பிஎம்எக்ஸ். பந்தயம் வளர்ந்தது, நிறுவனங்கள் வந்தன. அந்தக் கூட்டத்தில் ஒருவர் பாப் ஹாரோ. படம் வரைவார். பந்தயச் சைக்கிளின் முன்னால் மாட்டும் எண் பலகைகளைச் செய்து விற்றுத்தான் தொழில் தொடங்கினார். இன்னொரு பக்கம், சைக்கிளை முன் சக்கரத்தில் நிறுத்துவது, பின்னால் உருட்டுவது, ஹேண்டிலைத் திருப்பி நடக்க வைப்பது என்று விளையாடிக்கொண்டே இருந்தார். அந்த விளையாட்டைப் பந்தயங்களுக்கு இடையே கூட்டத்துக்குக் காட்டினார். 1982-இல் ஹாரோ ஃப்ரீஸ்டைலர் என்ற ஃபிரேம் விற்பனைக்கு வந்தது. வித்தைக்கென்றே வடிவமைத்து விற்ற முதல் ஃபிரேம் என்று அதைத்தான் சொல்வார்கள். அதற்கு முன்பு பந்தயச் சைக்கிளில்தான் வித்தை. அப்புறம் ஜிடி, ரெட்லைன், ஹட்ச், ஸ்கைவே, டைனோ என்று மற்ற நிறுவனங்களின் சைக்கிள்களும் வரிசையாக வந்தன. ஆர்.எல். ஆஸ்பர்ன், எடி ஃபியோலா, ரான் வில்கர்சன் போன்ற சவாரிக்காரர்களின் பெயர்கள் அந்தக் காலத்துப் பையன்களுக்கு மனப்பாடம்.

எப்படி மனப்பாடம்? பத்திரிகைதான். 1984-இல் ஃப்ரீஸ்டைலின் என்ற பத்திரிகை வந்தது. பின்னாளில் திரைப்பட இயக்குநராகப் புகழ்பெற்ற ஸ்பைக் ஜோன்ஸ் இளவயதில் அங்கே வேலை பார்த்தார், புகைப்படம் எடுத்தார். அந்தப் பக்கங்களின் படங்களில் எல்லாம் அசையாமல் நிற்கும். ஒருவர் முன் சக்கரத்தின் மேல் செங்குத்தாக நிற்பார், பின் சக்கரம் தலைக்கு மேலே. சரி, அங்கே எப்படிப் போனார்? எந்தக் கையை எப்போது அழுத்தினார்? அடுத்து எப்படி இறங்கினார்? படத்துக்கு முன் நடந்ததும் பின் நடந்ததும் படத்தில் இல்லை. அதை நாமே உடம்பால் கண்டுபிடிக்க வேண்டும். படத்தைப் பார்த்து வித்தை கற்றவர்கள் ஒரே வித்தையை ஆளுக்கு ஒரு விதமாகச் செய்தார்கள். இன்று கைபேசியில் ஒரு நொடியைப் பத்து முறை நிறுத்திப் பார்க்கலாம். அது நல்லதுதான். ஆனால் நாங்கள் அந்த இடைவெளியை நிரப்பிய விதம் எனக்கு இன்னும் பிடிக்கும்.

இப்போது பிரேக்குக்கு வருகிறேன். நண்பர்கள் வட்டத்தில் நான் பிரேக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் வானொலியை நிறுத்தாமல் கொஞ்சம் கேளுங்கள்.

நாம் எல்லோரும் சைக்கிள் ஓட்டியிருக்கிறோம். பிரேக் எதற்கு? வேகத்தைக் குறைக்க. ஃப்ரீஸ்டைல் சைக்கிளில் அதற்கு இல்லை. தரையில் காட்டும் வித்தையில் வேகமே கிடையாது. பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ள வேண்டும், பூட்டிய சக்கரத்தின் மேல் மனிதன் நிற்க வேண்டும். முன் பிரேக்கைப் பிடித்து எடையை முன்னால் தள்ளினால் பின் சக்கரம் எழும். அதற்கு எண்டோ என்று பெயர். பின் பிரேக்கைப் பிடித்து ஹேண்டிலை இழுத்தால் முன் சக்கரம் எழும், அப்படியே பின் சக்கரத்தில் துள்ளலாம். பிரேக் கொஞ்சம் வழுக்கினாலும் நிற்பவர் தரையில் இருப்பார்.

அடுத்த சிக்கலைக் கவனியுங்கள். நிற்கும்போது ஹேண்டில்பாரை முழுச் சுற்று சுற்ற வேண்டும். நம் வீட்டுச் சைக்கிளில் ஹேண்டிலை ஒரு பக்கமாக முழுதாகத் திருப்பினாலே பிரேக் கேபிள் இழுபடும். முழுச் சுற்று சுற்றினால் பின் பிரேக்கின் கேபிள் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும், இன்னொரு சுற்றுக்கு வழி இருக்காது. தொடக்கத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? கேபிளை நீளமாகத் தொங்கவிட்டார்கள். ஒரு சுற்று சுற்றலாம், பிறகு நினைவாகத் திரும்பவும் அவிழ்த்துச் சுற்ற வேண்டும். வித்தையின் நடுவில் எந்தப் பக்கம் எத்தனை சுற்று என்று கணக்கு வைத்துக்கொண்டே ஆட வேண்டும்.

80-களின் நடுவில் பிரையன் ஸ்கூரா என்ற சவாரிக்காரர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஏசிஎஸ் நிறுவனம் அதை ரோட்டர் என்ற பெயரில் விற்றது. கண்ணை மூடிக்கொண்டு இப்படி நினைத்துப் பாருங்கள். சைக்கிளின் கழுத்தைச் சுற்றி, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வளையல்கள். நடுவில் பால்ரஸ் குண்டுகள். மேல் வளையம் ஹேண்டிலோடு சுற்றும். கீழ் வளையம் ஃபிரேமோடு நிற்கும், சுற்றாது. பிரேக் லீவரை அழுத்தினால் மேல் வளையம் மேலே எழும், குண்டுகள் வழியாகக் கீழ் வளையத்தையும் தூக்கும், அது பின் பிரேக்கின் கேபிளை இழுக்கும். அவ்வளவுதான். ஹேண்டிலை எத்தனை முறை சுற்றினாலும் பிரேக் பிடிக்கும். முன் பிரேக்குக்கு வேறு சிக்கல். முன் பிரேக்கும் ஹேண்டிலும் சேர்ந்தே திரும்புவதால் கேபிள் முறுக்காது. ஆனால் வெளியே தொங்கும் கேபிள் சுற்றி வந்து ஃபிரேமில் மோதி நிற்கும். அதற்காகக் கழுத்தின் நடு போல்ட்டைத் துளையுள்ளதாகச் செய்து, கேபிளை அதன் வழியே ஃபோர்க் குழாய்க்குள் இறக்கினார்கள். இதைப் பாட்ஸ் மாட் என்பார்கள்.

எளிய வேலைதான், ஆனால் சரியாகக் கட்டுவது பெரிய வேலை. வளையங்களின் இரண்டு பக்கமும் கேபிள் போகிறது. இரண்டும் ஒரே அளவு இறுக்கமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் கூடினாலும் வளையம் சாய்ந்து, சுற்றும்போது பிரேக் பிடித்துப் பிடித்து விடும். பழைய ரோட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, கிரீஸ் வைத்து, சமமாகக் கட்டி, ஹேண்டிலைச் சுழற்றி விட்டு, அது ஒரு சத்தமும் இல்லாமல் ஓடுவதைப் பார்க்கும் சந்தோஷத்துக்காகவே நான் இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிறேன். அலமாரியில் வைத்தால் இந்தப் பாகம் ஒரு தட்டு, அவ்வளவுதான். சுற்றிப் பிடித்தால்தான் அது எதற்கு என்று கைக்குத் தெரியும். அதனால்தான் ஓட்டுங்கள் என்கிறேன்.

சேகரிப்பவர்களிடையே பெரிய சண்டை ஒன்று உண்டு. பெயின்டை உரித்துப் புதிதாக அடிக்கலாமா, பழையபடியே விடலாமா? நான் விடும் கட்சி. என்னிடம் ஒரு ஹாரோ ஃபிரேம் இருக்கிறது. யார் கையில் இருந்தது என்று தெரியாது. ஆனால் அவர் என்ன வித்தை செய்தார் என்பதை ஏறத்தாழச் சொல்ல முடியும். ஃபோர்க்கின் இரண்டு கால்களிலும் பெயின்ட் போயிருக்கிறது, ஆகவே அங்கே நின்றிருக்கிறார். கழுத்துக்குப் பின்னால், கீழ்க்குழாய் தொடங்கும் இடத்தில் செருப்புத் தேய்ந்த பளபளப்பு. இடது பெடலின் வெளிமுனையும் இடது கைப்பிடியின் நுனியும் சிதைந்திருக்கின்றன, வலது பக்கம் நன்றாக இருக்கிறது. விழும்போதெல்லாம் இடது பக்கமாக விழுந்திருக்கிறது, அப்படியென்றால் எந்தப் பக்கம் சுழன்றார் என்பதும் ஊகிக்கலாம். நான் அதில் ஏறி நின்றபோது என் கால் அந்தப் பளபளப்பின் மேல்தான் போய் நின்றது. இதைப் பெயின்ட் அடித்து மூடச் சொன்னால் எனக்கு மனசு வராது.

துருவை மட்டும் விடக்கூடாது. குரோம் பூச்சில் மேலோட்டமான துரு என்றால் அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். அலுமினியம் குரோமைவிட மென்மையானது, கீறாது. ஆழமான துருவுக்கு ஆக்ஸாலிக் அமிலம் கலந்த தண்ணீரில் ஊறவைப்பார்கள். கையுறை கட்டாயம். நிறமேற்றிய அலுமினியப் பாகங்களை அதில் போட வேண்டாம், நிறம் போய்விடும்.

நைலான் சக்கரங்களையும் சொல்ல வேண்டும். கம்பியே இல்லாமல் ஐந்து தடித்த கைகளோடு வார்த்த ஸ்கைவே டஃப் வீல்கள். வெள்ளை, சிவப்பு, நீலம், மஞ்சள் என்று இருக்கும். அந்தக் காலத்துப் பையனின் கனவு அது. வெள்ளை நாளடைவில் பழுப்பாகும். நைலான் சாயத்தை நன்றாக உறிஞ்சும், அதனால் துணிக்குப் போடும் சாயத்தை வெந்நீரில் கரைத்து நிறம் மாற்றுபவர்களும் உண்டு. பழுப்பும் எனக்கு அழகுதான். ஒன்று மட்டும், இவற்றுக்கு உரிய பிரேக் கட்டைகள் வேறு. சாதாரண ரப்பர் கட்டை நைலானில் வழுக்கும். பிரேக்கைப் பற்றி நான் சொன்னதெல்லாம் நினைவிருக்கிறதுதானே?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் குறைவு என்று கை காட்டுகிறார்கள். நான் கடைசியில் பேச வைத்திருந்தது 80-களின் முடிவு. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பென்சில்வேனியாவின் யார்க் நகரில் கெவின் ஜோன்ஸும் அவருடைய குழுவினரும் தரை வித்தையையே மாற்றினார்கள். பூட்டி நிற்பதற்குப் பதிலாக டயரைக் காலால் தேய்த்துத் தள்ளி, உருண்டுகொண்டே ஒரு வித்தையில் இருந்து இன்னொன்றுக்குப் போனார்கள். பிரேக்கின் வேலை குறைந்தது. இன்று தரை வித்தைக்காரர்கள் பலர் பிரேக்கே வைப்பதில்லை. அதே நேரத்தில் மலைச் சைக்கிள் வந்தது, விற்பனை சரிந்தது, நிறுவனங்கள் ஃப்ரீஸ்டைலைக் கைவிட்டன. 1989-இல் ஃப்ரீஸ்டைலின் பத்திரிகை தனியாக வருவது நின்றது. சரிவுப் பலகையில் பறந்த மேட் ஹாஃப்மன் போன்றவர்கள் தாங்களே சைக்கிள் நிறுவனம் தொடங்கி இதை உயிரோடு வைத்திருந்தார்கள். டோக்கியோவில் ஃப்ரீஸ்டைல் ஒலிம்பிக் போட்டியானது. மேட் ஹாஃப்மனுக்கு மட்டுமே ஒரு முழு உரை வேண்டும்.

இன்னும் ஒரு நிமிடம். வாங்க நினைப்பவர்களுக்கு மூன்று விஷயம். ஒன்று, பெடலைத் தாங்கும் கிராங்க் ஒற்றைத் துண்டாக வளைத்தது என்றால் பெடல் திருகு அரை அங்குலம், மூன்று துண்டு கிராங்க் என்றால் 9/16 அங்குலம். மாற்றிப் போட்டால் கிராங்க் கெடும். இரண்டு, ஹேண்டில்பாரைப் பிடித்து ஃபோர்க்குக்குள் இறங்கும் ஸ்டெம் பழைய பிஎம்எக்ஸில் 21.1 மில்லிமீட்டர், சாதாரண சைக்கிளின் 22.2 அந்த ஃபோர்க்கில் நுழையாது, அடித்து இறக்காதீர்கள். மூன்று, ஏறுவதற்கு முன்பு கேபிள், பிரேக் கட்டை, டயர் மூன்றையும் புதிதாகப் போடுங்கள், ஹேண்டில்பாரின் நடு இணைப்பிலும் ஃபோர்க்கின் அடிப்பகுதியிலும் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். பழைய கேபிளையும் கட்டையையும் தூக்கி எறியாமல் ஒரு பையில் போட்டு, எந்தச் சைக்கிளுடையது என்று எழுதி வையுங்கள். பிறகு ஓட்டுங்கள். நன்றி, வணக்கம்.